மூடிய வங்கியும் மூன்று மூட்டை ஏலக்காயும்

வங்கிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் என் செக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அதன் மூலையில் ஒரு துண்டுச் சீட்டு பின் அடித்திருந்தது. வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்ததால் தரையெல்லாம் செருப்புச் சேறு. அந்த ஈர வாடையும், என் பையிலிருந்து வந்த ஏலக்காய் வாசமும் இன்றைக்கும் அந்தச் செக்கோடு சேர்ந்தேதான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

"திரும்பிருச்சுக்கா," என்றாள்.

"ஏம்மா, கையெழுத்து மாறிருச்சா?"

"கையெழுத்து சரியாத்தேன் இருக்கு. செக்கு குடுத்தவுக கணக்குல காசும் இருக்கும்போல. அந்த பேங்குதான் இல்ல."

"பேங்கு இல்லைன்னா? நேத்து அந்த வழியாத்தான வந்தேன். போர்டு தொங்குதே."

"போர்டு தொங்கும்க்கா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேல இருந்து உத்தரவு வந்துருச்சு. இனி அங்க யாருக்கும் பெருசா காசு குடுக்க மாட்டாக. வந்த செக்கையெல்லாம் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாக."

எனக்குப் பின்னால் நின்றவர் "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று சொல்லும்வரை நான் நகரவில்லை. மூன்றே கால் லட்ச ரூபாய். மூன்று மூட்டை ஏலக்காய்க்கு ஏலக்காய்க் கடை செல்வராஜ் அண்ணன் எழுதிக் கொடுத்த செக்கு. ஒரு பருவம் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் எடுத்த காய், அந்த ஒரு தாளுக்குள் இருந்தது.

போன வாரம் எங்கள் ஜீப்பின் கண்ணாடி உடைந்த கதையை எழுதியிருந்தேன். படித்த ஒருவர், "அந்த வருடம் உங்களுக்கு நேரம் சரியில்லை போல" என்று பரிவாக எழுதியிருந்தார். நேரத்தின் மேல் பழி போட எனக்குப் பிடிக்காது. அந்த வருடம் சரியில்லாமல் போனதற்குக் காரணமான ஆட்களின் பெயர் எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் பெயர்.

ஐப்பசி கடைசி

அந்தப் பணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலைமேல், கேரள எல்லை தாண்டி, இரண்டு ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தோம். நிலத்துக்காரர் பேபிச்சன். முதல் குத்தகை மூன்று வருடத்துக்கு. நாங்கள் போனபோது அங்கே ஏலச்செடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை, முள்ளும் புதரும்தான். என் கணவர் ராசு, காலையில் ராசிங்காபுரத்துப் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் மற்ற தோட்டங்களில் இறக்கிவிட்டு, அதன்பிறகு எங்கள் நிலத்துக்கு வந்து குழி வெட்டுவார். நான் கன்று நடுவேன்.

ஏலச்செடி நட்டதும் காய்த்துவிடாது. முதல் வருடம் இலைதான். இரண்டாம் வருடம் ஆசை காட்டும். மூன்றாம் வருடம்தான் தூரடியிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு படர்ந்து, பூத்து, காய் பிடிக்கும். எங்களுக்கு அப்படிக் காய் பிடித்த முதல் வருடம் அது. குத்தகை முடிகிற வருடமும் அதுதான்.

ஐப்பசி கடைசிக்குள் மூன்று லட்ச ரூபாய் கட்டினால் இன்னும் ஐந்து வருடம். கட்டாவிட்டால் செடி நிலத்தோடு போகும் என்று பத்திரத்திலேயே இருந்தது. நான்தான் கைநாட்டு இல்லாமல் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள், அதனால் தெரியாது என்று சொல்ல முடியாது.

பேபிச்சனுக்கு அன்று சாயங்காலமே போன் போட்டேன். கொஞ்சம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஜெயக்கொடி சேச்சி, ஞான் மோசக்காரன் அல்ல," என்றார். "ஆனா தேதி தேதியாணு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கும். அது கழிஞ்சா வேற ஆளுண்டு. அவங்க கூடுதல் தரும்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் நிலம் அவருடையது. ஆனால் அந்தச் செடித்தூர்கள் என்னுடையவை. யாரோ ஒருவர் வந்து என் செடியில் காய் எடுப்பார் என்று நினைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

கையில் பதினாறு நாள் இருந்தது.

மிஸ்டு கால் பழக்கம்

இதில் என் தவறு என்ன என்று சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

போடியில் சின்னத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கும் வியாபாரிகள் பலர், சரக்கு எடுத்த அன்றே செக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தேதியும் அன்றைய தேதிதான். ஆனால் அன்றே கொண்டுபோய்ப் போட்டுவிடக் கூடாது. அவர்கள் அந்தக் காயை ஏலத்தில் விற்று, பணம் வந்ததும் நமக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார்கள். அதன்பிறகுதான் போட வேண்டும். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. முந்திப் போட்டுவிட்டால் "அவசரக்காரி" என்று பெயர் வரும், அடுத்த முறை காயின் நிறம் சரியில்லை என்பார்கள்.

நானும் அப்படித்தான் பதினெட்டு நாள் செக்கைப் பையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை காலையில் செல்வராஜ் அண்ணன் மிஸ்டு கால் கொடுத்தார். நான் அப்போது மலைமேல் காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தேன். அங்கே டவர் கிடையாது. உள்ளே கடைசி எடுப்பில் மிஞ்சிய கொஞ்சம் காய் உலர்ந்துகொண்டிருந்தது. அடுப்புச் சூட்டை விட்டுவிட்டு வந்தால் காய் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும், வந்தவிலைக்குத்தான் போகும்.

சனிக்கிழமை இறங்கி வரும்போது, மலைப்பாதையின் மெட்டு வளைவில் டவர் கிடைத்ததும் போன் சிணுங்கியது. அப்போதுதான் மிஸ்டு காலைப் பார்த்தேன். அன்று நான்காம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை. மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை போட்டேன். செவ்வாய்க்கிழமை திரும்பிவிட்டது.

மெட்டு வரைக்கும் ஒரு நடை வந்து போனைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். அடுப்பைப் பார்க்க ஆள் இருந்தது. நான்தான் யாரையும் நம்பி விடாதவள். அந்தப் பிடிவாதத்தின் விலை மூன்றே கால் லட்சம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அப்பாவின் செக்கு

எங்கள் குடும்பத்துக்கும் செக்குக்கும் முன்பிருந்தே ஒத்துவந்ததில்லை.

என் அப்பா ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். வேலையை விட்டு நின்றபோது, கணக்கு முடித்து ஒரு செக்கு கொடுத்தார்கள். அவர் அதுவரை செக்கைக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தின் வழவழப்பும், அதிலிருந்த முத்திரையும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நகை மாதிரி பத்திரமாக இருக்கட்டும் என்று டிரங்குப் பெட்டிக்குள், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். மாதக் கணக்கில் அது அங்கேயே இருந்தது. கொண்டுபோனபோது கெடு முடிந்துவிட்டது என்றார்கள்.

எஸ்டேட் எழுத்தர் நல்ல மனிதர், புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். அப்பா அன்று வீட்டுக்கு வந்து சொன்னதை மறக்கவில்லை. "அது காசு இல்லையாம். காசு தர்றேன்னு ஒருத்தன் எழுதுன லெட்டராம்."

அப்பாவுக்கு ஆறு மாதத்தில் விளங்கியது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அன்று அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

"உன் காசு அங்க இருக்கு"

திரும்பிய செக்கை எடுத்துக்கொண்டு மறுநாள் செல்வராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். உள்ளே பெண்கள் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தாயி," என்றார். அவர் குரலிலேயே அவருக்கு விஷயம் தெரியும் என்று தெரிந்தது.

"அண்ணே, செக்கு திரும்பிருச்சு. வேற பேங்கு செக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"அதெப்படித் தாயி? வியாழக்கிழமை காலையில நான் மிஸ்டு கால் குடுத்தேனா இல்லையா?"

"குடுத்தீக."

"அன்னைக்கே போட்டிருந்தா வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் கணக்குல ஏறியிருக்கும். சாயங்காலந்தான பூட்டுனான். நாலு நாள் கழிச்சுக் கொண்டுபோய்ப் போட்டுட்டு எங்கிட்ட வந்தா நான் என்ன செய்ய?"

"மலைமேல இருந்தேண்ணே. டவரு இல்ல."

"அது எங் குத்தமா?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். அந்த வங்கியில் அவருடைய கணக்கு விவரம்.

"பாரு. அன்னைக்குத் தேதியில நாலு லட்சத்து அறுபதாயிரம் இருக்கு. ஏமாத்துறவன்னா காசில்லாத கணக்குக்குல்ல செக்கு குடுத்திருப்பேன். நான் காசு வெச்சுட்டேன், சொல்லவும் சொல்லிட்டேன். நீ எடுக்கல. உன் காசு அங்க இருக்கு, அங்க போய்க் கேளு. என் ஆடிட்டரும் அதைத்தான் சொல்றாரு."

அதில் ஒரு நகல் கேட்டேன். தாராளமாகக் கொடுத்தார். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவர் நிஜமாகவே நம்பினார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வங்கிக்குப் போனேன். வங்கியின் பெயர் இங்கே வேண்டாம், சின்ன வங்கி. கடைவீதியை ஒட்டி இருந்ததாலும் கூட்டம் இல்லாததாலும் வியாபாரிகள் அங்கே கணக்கு வைத்திருந்தார்கள். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அதில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். குனிந்து உள்ளே போனால் ஒரே ஒரு அதிகாரி, மின்விசிறிகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"செக்கு வெச்சிருக்கவங்களுக்கு நாங்க எதுவும் சொல்ல முடியாதும்மா. கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவருதான் வந்து கேக்கணும்," என்றார்.

அவர் இங்கே போ என்கிறார், இவர் அங்கே போ என்கிறார். இருவருக்கும் நடுவில் நான் செருப்புத் தேய நிற்கிறேன். வீட்டுக்கு வந்து ராசுவிடம் சொன்னேன்.

"அண்ணன் நல்ல மனுசன்தான். பொறுத்துப் பாப்போம், குடுத்துருவாரு," என்றார். என் கணவருக்குக் கோபம் வருவதற்கு ஒரு தனி பஸ் பிடிக்க வேண்டும். எனக்கு அது வீட்டு வாசலிலேயே நிற்கும்.

பேக்கரி மாடியில் ஒரு வக்கீல்

வக்கீல் சுகந்தியின் அலுவலகம் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. ரொட்டி வாசத்தில் பசியெடுக்காமல் அங்கே வழக்கு பேச முடியாது. என்னைவிட இருபது வயது இளையவர். பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று அலைபவர். என் கதையைக் கேட்டுவிட்டு உண்மையைச் சொன்னார்.

"அக்கா, இந்தப் பிரிவைக் காலேஜுல படிச்சதோட சரி. நாளைக்கு வாங்க. படிச்சுட்டுச் சொல்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன வக்கீலை அன்றுதான் பார்த்தேன். அதனாலேயே மறுநாளும் போனேன்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்ற புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். எனக்குப் புரியும்படி சொன்னார். செக்கு கையில் இருப்பதால் மட்டும் அந்த வங்கியிடம் நேராகப் பணம் கேட்கும் உரிமை வந்துவிடாது. வங்கி பதில் சொல்ல வேண்டியது கணக்குக்காரருக்குத்தான். நமக்குப் பதில் சொல்ல வேண்டியவர் செக்கு எழுதிக் கொடுத்தவர்.

"அப்ப அண்ணன்தான குடுக்கணும்?"

"பொதுவா ஆமா. ஆனா எண்பத்தி நாலாவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. செக்கை நியாயமான காலத்துக்குள்ள போடாம வெச்சிருந்து, அதுக்குள்ள பேங்கு விழுந்து, அந்தத் தாமதத்தால எழுதிக் கொடுத்தவருக்கு நட்டம் வந்துச்சுன்னா, அந்த அளவுக்கு அவரு தப்பிச்சுக்கலாம். அப்புறம் அவரு இடத்துல நீங்க நின்னு பேங்குகிட்டக் கேக்கணும். அந்தச் சமயத்துல அவரு கணக்குல போதுமான பணம் இருந்திருக்கணும். இதோ இந்தத் தாளை அதுக்குத்தான் உங்ககிட்டக் காட்டியிருக்காரு."

"செக்கு மோசடின்னு கேஸ் போட முடியாதா?"

"அது கணக்குல பணமில்லாம குடுத்தவங்களுக்கு. இவரு கணக்குல பணம் இருந்துச்சே."

நியாயமான காலம் எது என்று கேட்டேன். அந்தந்தத் தொழிலின் பழக்கத்தையும் பார்த்துத்தான் கோர்ட் முடிவு செய்யும் என்றார். போடியில் மிஸ்டு கால் வரும்வரை செக்கு போடுவதில்லை என்று நாலு பேர் எழுதிக் கொடுத்தால் பதினெட்டு நாளுக்குப் பதில் சொல்லிவிடலாம். அதற்கப்புறம் உள்ள நாலு நாள்தான் இடிக்கிறது. செக்கு திரும்பியதைச் சொல்லி செல்வராஜ் அண்ணனுக்கு முதலில் ஒரு நோட்டீசு அனுப்பினார்.

"கோர்ட்டுக்குப் போனா எம்புட்டு நாளாகும்?"

சுகந்தி பேனாவை மூடினார். "உங்க ஐப்பசிக்குள்ள ஆகாதுக்கா."

யாரும் போடாத கையெழுத்து

நாலு பேரைத் தேடிக் கிளம்பினேன். எங்களைப் போலச் சின்னத் தோட்டக்காரர்கள். எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். கையெழுத்து மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

தேவாரத்து மாரியப்பன், எனக்குத் தம்பி முறை, வாய்விட்டே சொன்னார். "மதினி, யானை மிதிச்சதுபோக மிஞ்சுன காய அவருகிட்டத்தான் கொண்டுபோய்ப் போடணும். கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்காயத் தொட்டுப் பாப்பாரா?"

மதினி என்று கூப்பிட்டவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். பயத்தில் முறைகூட மாறிவிட்டது. நான் திருத்தவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது, ஆனாலும் எரிச்சலாக இருந்தது. எட்டு நாள் இப்படியே போயிற்று.

அடுத்த நாள் காலையில் ஜீப்பில் மலையேறினோம். பின்னால் பெண்கள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு எதைப் பார்த்தாலும் கோபம். புதுக் கண்ணாடியில் வைப்பர் கீச்சென்று சத்தம் போட்டது. போன மாதம் மரக்கிளை விழுந்து உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக மாட்டியது.

"வண்டிய மரத்தடியில நிப்பாட்டாதீகன்னு எத்தனை தடவ சொன்னேன்," என்று ஆரம்பித்தேன். "எம்புட்டு நட்டம்."

"நட்டம் என்ன நட்டம்? இன்சூரன்சுக்காரன்தான் முழுசாக் குடுத்துட்டானே," என்றார் ராசு, ரோட்டைப் பார்த்தபடி.

நான் பேச்சை நிறுத்தினேன். பையைத் திறந்து செல்வராஜ் அண்ணன் கொடுத்த தாளை எடுத்தேன். நாலு லட்சத்து அறுபதாயிரம். வங்கி விழுந்தால் கணக்கு வைத்திருந்தவருக்கு ஐந்து லட்சம் வரை காப்பீட்டுப் பணம் வரும் என்று அந்த அதிகாரி ஷட்டரில் ஒட்டிவைத்திருந்த காகிதத்தில் படித்திருந்தேன். தொண்ணூறு நாளுக்குள் வரும் என்றும் இருந்தது. அதை அன்று ஏதோ பணக்காரர் விஷயம் என்று விட்டுவிட்டேன்.

வண்டியை நிறுத்தச் சொல்லி, டவர் இருக்கும் வளைவிலேயே சுகந்திக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அவரு தப்பிக்கணும்னா அவருக்கு நட்டம் வந்திருக்கணும்னு சொன்னீகளே. அவருக்குத்தான் முழுக் காசும் காப்பீட்டுல வந்துருமே. அப்புறம் நட்டம் ஏது?"

அந்தப் பக்கம் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சுகந்தி மெதுவாகச் சொன்னார். "அக்கா, 'உண்மையான நட்டம்'னுதான் போட்டிருக்கு. அந்த அளவுக்குத்தான் விடுதலைன்னு போட்டிருக்கு. ஆனா அஞ்சு லட்சம்ங்கிறது எல்லாக் கணக்குக்கும் சேர்த்துத்தான், அதனால அந்த பேங்குல அவருக்கு வேற டெபாசிட்டு எதுவும் இல்லாம இருக்கணும். அதை மட்டும் அவரு வாயால கேட்டுருங்க."

ஒரு கேள்வி

கீழே இறங்கி நேராகக் கடைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் காய் எடுக்கும் நாளில், ஆட்கள் இருக்கும் நேரத்தில் போனேன். பெஞ்சில் நாலைந்து தோட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாரியப்பனும் இருந்தார். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

"என்ன தாயி, நோட்டீசெல்லாம் அனுப்புற," என்றார் செல்வராஜ் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

"சண்டைக்கு வரலண்ணே. சந்தேகம் ஒண்ணு. அந்த பேங்குல உங்களுக்கு இந்த ஒரு கணக்குதானா?"

"ஒண்ணே ஒண்ணுதான். நல்லவேளை."

"காப்பீட்டுக்கு எழுதிக் குடுத்துட்டீகளா?"

"குடுத்தாச்சு."

"எம்புட்டுக்கு?"

"இருக்கிற நாலு அறுபதுக்கும்."

"அதுல என் மூணே காலும் சேர்ந்துதான இருக்கு?"

உள்ளே காய் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கை நின்றுவிட்டது.

"அது யாரு காசுன்னு எழுதிக் குடுத்தீகண்ணே? என் காசுன்னா, உங்காசுன்னா?"

"கணக்கு எம்பேர்ல இருக்கு தாயி. எங்காசுன்னுதான் எழுத முடியும்."

"சரிதான். அஞ்சு லட்சத்துக்குள்ள இருக்கிறதால அம்புட்டும் உங்க கைக்கு வந்துரும். என் மூணு மூட்டையும் உங்ககிட்ட வந்தாச்சு. நான் நாலு நாள் தாமதமாப் போட்டேன், அது எந் தப்புதான். அந்தத் தப்பால உங்களுக்கு எம்புட்டு நட்டம்னு சொல்லுங்க. அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுங்க."

இதைச் சொல்லும்போது நான் குரலை உயர்த்தவில்லை. அதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

"காப்பீடு வர மூணு மாசமாகும். வருமோ வராதோ," என்றார்.

"அது உங்களுக்கும் பேங்குக்கும் உள்ள சோலிண்ணே. நான் காய் போட்டது உங்களுக்கு."

பெஞ்சிலிருந்து மாரியப்பன் தொண்டையைச் செருமினார். "அண்ணே, நீங்க கூப்பிடாம நாங்களும்தான் செக்கு போடுறதில்ல. நாளைக்கு எனக்கு இப்படின்னாலும் அங்க போய்க் கேளும்பீகளா?"

பெஞ்சிலிருந்த எல்லோரும் செல்வராஜ் அண்ணனையே பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மேசையில் சிதறிக்கிடந்த காய்களை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"உக்காரு தாயி," என்றார். வேறொரு வங்கிக் கணக்கிலிருந்து இரண்டு லட்சத்தை அங்கேயே போனில் எனக்கு அனுப்பினார். மீதியை மூன்றாம் நாள் அனுப்பினார். நட்டம் என்று ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. அதையும் எழுதாமல் விட்டால் நான் நியாயமானவள் இல்லை.

மாரியப்பனிடம் வெளியே வந்து, "நான் உனக்கு அக்கா முறைப்பா, மதினி இல்ல," என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

தோட்டம் பார்க்க வந்தவர்கள்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில் பேபிச்சன் வீட்டுக்குப் போனேன். மூன்று லட்சத்துக்கு வரைவோலை எடுத்துப் பைக்குள் வைத்திருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சேச்சி வராதுன்னு நினைச்சு," என்றார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது. "இன்னு காலையில ரெண்டு பேரைத் தோட்டம் பாக்க விட்டிருக்கு. அவங்க இப்போ அங்கே உண்டாகும்."

"பரவாயில்ல சேட்டா. மொதல்ல பத்திரத்துல கையெழுத்துப் போடுங்க."

ஐந்து வருடத்துக்கு எழுதினோம். அவர் போட்டார், நான் போட்டேன். மை காய்வதற்குள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. நடக்கிறேன் என்றுதான் நினைத்தேன், பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

மேல் வரிசையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் குனிந்து, கைத்தடியால் இலையை விலக்கி, தூருக்கு எத்தனை சரம் என்று எண்ணிக்கொண்டிருந்தார். அவர் எண்ணிக்கொண்டிருந்தது நான் நட்ட முதல் வரிசை.

"யாரும்மா நீங்க?" என்று நிமிர்ந்து கேட்டார்.

"தோட்டக்காரி."

"குத்தகைக்கு வருதுன்னு சொன்னாங்க. அதான் பாத்துட்டுப் போகலாம்னு."

"வரல. இன்னும் அஞ்சு வருசத்துக்கு வராது," என்றேன். "வந்ததுக்குப் பாத்துட்டீகள்ல. எறங்கும்போது கீழ பாத்து, சரத்த மிதிக்காமப் போங்க."